உங்களுக்குத் தெரியுமா? நகராத சைக்கிள், நம்ப முடியாத சேதிகள்!

ஒரே அறை. முப்பது சைக்கிள். முப்பது பேர். விளக்கை அணைத்தாயிற்று. பாட்டு காதைப் பிளக்கிறது. மேடையில் ஏறி உட்கார்ந்து பயிற்சியாளர் மைக்கில் உசுப்பேற்ற, அத்தனை பேரும் வேர்க்க விறுவிறுக்க மிதிக்கிறார்கள். முக்கால் மணி நேரம்! ஒருவர்கூட ஓர் அங்குலம் நகரவில்லை! இந்த ஸ்பின்னிங் கிளாஸுக்குப் பின்னால் இருக்கும் சேதிகளைத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கின்றன. பிடியுங்கள்!

சைக்கிள் முதலில் வந்ததா, ஓடாத சைக்கிள் முதலில் வந்ததா? ஓடாததுதான்! லண்டனில் பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் 1796-லேயே ‘ஜிம்னாஸ்டிகான்’ என்ற உடற்பயிற்சி எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காலால் மிதிக்கக் கட்டை, கையால் சுற்றத் தண்டு. ஜெர்மனியில் கார்ல் ட்ரைஸ் முதல் இரண்டு சக்கர வண்டியை உருட்டியது 1817-இல். நின்ற இடத்தில் மிதிப்பதுதான் மூத்தது. அதுவும் 21 வருடம் மூத்தது!

அந்த முதல் வண்டியில் பெடலே கிடையாது என்பது தெரியுமா? தரையைக் காலால் உந்தி உந்தித்தான் போக வேண்டும். பெடல் வைத்த சைக்கிள் பரவியது 1860-களில்!

டைட்டானிக் கப்பலில் ஜிம் இருந்தது! அந்த ஜிம்மில் நகராத சைக்கிள்கள் இருந்தன! இரண்டு பேர் போட்டி போடலாம். யார் எவ்வளவு தூரம் மிதித்தார்கள் என்று காட்ட எதிரே பெரிய வட்ட முகப்பு, அதில் முள். பக்கத்திலேயே மின்சாரக் குதிரை, மின்சார ஒட்டகம். எல்லாம் 1912-இல்!

சரி, கூட்டமாக உட்கார்ந்து பாட்டுக்கு மிதிக்கும் இந்த யோசனை யாருடையது? ஜானி கோல்ட்பர்க். உலகம் கூப்பிடும் பெயர் ‘ஜானி ஜி’. பிறந்தது தென்னாப்பிரிக்கா, பிழைக்கப் போனது அமெரிக்கா. நீண்ட தூர சைக்கிள் பந்தயக்காரர். 1980-களில் ஓர் இரவு, பந்தயத்துக்காகச் சாலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் மோதுவதுபோல் வர, மயிரிழையில் தப்பினார். அவ்வளவுதான். வீட்டுக் கார் ஷெட்டுக்குள் புகுந்தார். தானே ஒரு சைக்கிளை வடிவமைத்தார். அந்த ஒரு கார் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் ஸ்பின்னிங் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம்!

அவர் தயாரானது எந்தப் பந்தயத்துக்குத் தெரியுமா? ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’. மேற்குக் கடற்கரையில் ஏறினால் கிழக்குக் கடற்கரையில்தான் இறங்க வேண்டும். சுமார் 4,800 கிலோமீட்டர்! தினமும் மாலையில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடங்கும் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். கடிகாரம் நிற்கவே நிற்காது. நீங்கள் தூங்கினாலும் நேரம் ஓடும்!

1982-இல் இந்தப் பந்தயம் முதன்முதலாக நடந்தபோது கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர்? நான்கே நான்கு பேர்! வென்றவர் லான் ஹால்டெமன். எடுத்துக்கொண்ட நேரம் 9 நாள், 20 மணி, 2 நிமிடம்!

கார் ஷெட்டில் பிறந்த அந்த சைக்கிள் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். 1989-இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் முதல் ஸ்பின்னிங் மையம். 1994-இல் ‘மேட் டாக் அத்லெடிக்ஸ்’ என்ற நிறுவனம். 1995-இல் சைக்கிள் உலகின் பழம்பெரும் கம்பெனியான ஷ்வின், ஜானி ஜி பெயரிலேயே ஸ்பின் பைக்கைத் தொழிற்சாலையில் தயாரித்துச் சந்தைக்கு அனுப்பியது. ஆறே வருடம்!

இன்னொரு சேதி. ‘ஸ்பின்னிங்’ என்ற சொல்லை எல்லோரும் போர்டில் எழுதிவிட முடியாது! அது மேட் டாக் அத்லெடிக்ஸ் பதிவு செய்த வணிகப் பெயர். அதனால்தான் பல ஜிம்களில் ‘இண்டோர் சைக்கிளிங்’, ‘குரூப் சைக்கிளிங்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கும். அடுத்த முறை போர்டைக் கவனியுங்கள்!

இந்த ஒரு சொல்லுக்காக ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனார்கள்! செக் குடியரசில் ஒரு கம்பெனி, “இது இப்போது பொதுச் சொல் ஆகிவிட்டது, உரிமையை எடுங்கள்” என்று கேட்டது. வணிகப் பெயர் அலுவலகமும் அந்த நாட்டளவில் சரி என்றது. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த முடிவையே ரத்து செய்துவிட்டது. பெயர் பிழைத்தது! 2021-இல் அமெரிக்காவில் இன்னொரு கம்பெனியும் அதே சண்டையைத் தொடங்கியது!

ஜானி ஜி அத்தோடு நிற்கவில்லை. பிறகு ‘கிராங்க்சைக்கிள்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் காலால் மிதிக்க முடியாது. கையால்தான் மிதிக்க வேண்டும்!

ரோட்டில் ஓட்டும் சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? பெடல் சும்மா நிற்கும், வண்டி உருளும். ஸ்பின் பைக்கில் அது நடக்காது! முன்னால் இருக்கும் கனமான சக்கரம் பெடலோடு நேரடியாகப் பிணைந்தது. நீங்கள் நிறுத்தினாலும் சக்கரம் நிறுத்தாது. உங்கள் காலை அதுவே சுற்றும்! நிறுத்த வேண்டுமானால் பிடியை அழுத்திப் பிரேக் போட வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, பிரேக் எங்கே என்பதைத்தான்!

அந்தச் சக்கரத்தின் எடை பல பைக்குகளில் சுமார் 18 கிலோ. ஒரு முழு சைக்கிளின் எடையை ஒரே சக்கரத்தில் அடைத்திருக்கிறார்கள்!

எவ்வளவு வேகமாக மிதிக்க வேண்டும்? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்பின்னிங் முறையில் சமதளத்துக்கு நிமிடத்துக்கு 80 முதல் 110 சுற்று. மேட்டுக்கு 60 முதல் 80. மேடு எங்கே இருக்கிறது என்கிறீர்களா? சக்கரத்தை இறுக்கும், கைக்கு எட்டும் திருகில்! வலப்பக்கம் திருகத் திருக மலை வளர்ந்துகொண்டே போகும்!

இன்னொன்று தெரியுமா? ஸ்பின்னிங் முறையில் அடிப்படை அசைவுகள் மொத்தமே ஐந்துதான். உட்கார்ந்து சமதளம், நின்று சமதளம், எழுந்து எழுந்து உட்காருவது, உட்கார்ந்து மேடு, நின்று மேடு. கை வைக்கும் இடம் மூன்று. ஐந்தையும் மூன்றையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆயிரம் கிளாஸ்கள்!

மிதித்துக்கொண்டே டம்பெல் தூக்குகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஸ்பின்னிங்கின் சொந்த விதிப்படி அது கூடவே கூடாது! ஆனால் நியூயார்க்கின் புகழ்பெற்ற கிளாஸில் அதுதான் ஸ்பெஷல்! நம் ஓட்டு விதிக்குத்தான். 18 கிலோ சக்கரம் காலுக்கடியில் சுற்றும்போது கை பிடியில் இருப்பதே பத்திரம்!

அந்த நியூயார்க் கிளாஸின் பெயர் ‘சோல்சைக்கிள்’. 2006-இல் மன்ஹாட்டனின் 72-ஆம் தெருவில் தொடங்கியது. எந்த இடத்தில்? முன்பு இறுதிச் சடங்கு நிலையமாக இருந்த கட்டடத்தில்! உயிரோட்டமான இந்தக் கிளாஸ் அங்கிருந்தா கிளம்பியது என்று நாமே ஒரு நிமிடம் திகைத்துப் போனோம்!

அடுத்தது இன்னும் அருமை. அந்தக் கட்டடத்தில் வெளியே போர்டு மாட்ட அனுமதி கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? இபேயில் 2,500 டாலருக்கு ஒரு ரிக்‌ஷா வாங்கினார்கள். ஆமாம், ரிக்‌ஷாவேதான்! அதில் கம்பெனி பெயரை எழுதி வாசலில் நிறுத்திவிட்டார்கள். போலீஸ் அபராதச் சீட்டு எழுதியது. கட்டினார்கள். மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி அபராதம். அதை விளம்பரச் செலவாகவே கணக்கு வைத்துக்கொண்டார்கள். போர்டே இல்லாமல் ஊரெல்லாம் பெயர் பரவிவிட்டது!

அந்த ரிக்‌ஷாவுக்குப் பின்னால் இருந்தவர்கள் எலிசபெத் கட்லர், ஜூலி ரைஸ் என்ற இரண்டு பெண்கள். பத்து வருடம் கழித்து, 2016-இல், தங்கள் பங்கை விற்றபோது ஆளுக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 9 கோடி டாலர்!

மூன்றாவதாகவும் ஒரு பெண் இருந்தார், ரூத் ஜூக்கர்மன். அவர் பிரிந்து போய் 2010-இல் ‘ஃப்ளைவீல்’ என்ற போட்டிக் கம்பெனியைத் தொடங்கினார். உள்ளே ஒரு பெரிய பலகை. யார் எவ்வளவு பலம் காட்டுகிறார்கள் என்று, விரும்பியவர்களின் கணக்கு அதில் ஓடியது. பக்கத்து சீட்டுக்காரரின் எண்ணைப் பார்த்ததும் கால் தானாக வேகம் பிடித்தது!

இப்படி ஆள் இருந்தால் வேகம் கூடுமா? கூடும்! இதை முதலில் பிடித்தது ஒரு சைக்கிள் ரசிகர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் ட்ரிப்லெட் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் புரட்டினார். தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடுகிறவர்களைவிட, பக்கத்தில் ஆள் வைத்து ஓட்டுகிறவர்கள் வேகமாக ஓட்டியிருந்தார்கள். இது என்னடா என்று 40 பிள்ளைகளைக் கூப்பிட்டு, மீன்பிடி ராட்டையைத் தனியாகவும் ஜோடியாகவும் சுற்ற விட்டுப் பார்த்தார். 1898-இல் கட்டுரை வெளியானது. சமூக உளவியலின் முதல் சோதனை என்று பாடப்புத்தகங்கள் இதைத்தான் கொண்டாடுகின்றன. ஓர் அறிவியல் துறையே சைக்கிள் பெடலில் இருந்து கிளம்பியிருக்கிறது!

நூறு வருடம் கழித்தும் அது பொய்க்கவில்லை. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பெண்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றினார்கள். தனியாக மிதித்தவர்கள் சராசரியாக 11 நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். “திரையில் தெரிகிறாரே, அவரும் நீங்களும் ஓர் அணி. யார் முதலில் நிறுத்துகிறாரோ அதுதான் அணியின் கணக்கு” என்று சொல்லிவிட்டுப் பார்த்தார்கள். 22 நிமிடம்! அப்படியே இரட்டிப்பு! அந்தத் திரைப் பெண்மணி உண்மையில் முன்பே பதிவு செய்த வீடியோ!

பாட்டு? அதுவும் வேலை செய்கிறது. 1911-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்! நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம். லெனர்ட் ஏயர்ஸ் என்ற ஆய்வாளர் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தார். பேண்டு வாத்தியம் முழங்கும்போது சராசரி வேகம் மணிக்கு 31.5 கிலோமீட்டர். வாத்தியம் ஓய்ந்ததும் 28.8. ஓட்டுகிறவர் அதே ஆள், அதே சைக்கிள்!

பாட்டின் தாளத்துக்குச் சரியாகக் கால் மிதித்தால் என்ன லாபம்? இங்கிலாந்தில் 2012-இல் அளந்தார்கள். தாளம் மெதுவாக இழுக்கும் பாட்டோடு ஒப்பிட்டால், தாளத்தோடு கால் சேர்ந்தபோது அதே வேலைக்கு உடல் கேட்ட ஆக்சிஜன் சுமார் 7 சதவீதம் குறைவு! தாளம் தப்பாமல் மிதிப்பவருக்கு மூச்சு மிச்சம்!

லிவர்பூலில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மிதிப்பவர்களிடம் சொல்லாமலே பாட்டின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினார்கள். அவர்களும் அறியாமலே அதிக தூரம் மிதித்தார்கள்!

ஆனால் காதையும் கொஞ்சம் நினையுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்பின் கிளாஸ்களின் சத்தத்தை அளந்தபோது வந்த சராசரி 100 டெசிபல்! அந்தச் சத்தத்தில் ஒரு தொழிலாளி பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் என்று அமெரிக்கத் தொழில் நலக் கழகம் சொல்வது எவ்வளவு தெரியுமா? வெறும் 15 நிமிடம்! கிளாஸோ 45 நிமிடம்! காதடைப்பான் வைத்துக்கொண்டு போங்கள். தாளம் நன்றாகவே கேட்கும்!

இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கனக்கிறது. முதல் நாள்தான் ஆபத்து! 2017-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் நியூயார்க் பகுதி டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்பின் கிளாஸுக்குப் போனவர்களின் தொடைத் தசை நொறுங்கி, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைத் தாக்கிய சம்பவங்கள். ‘ராப்டோமயோலிசிஸ்’ என்று பெயர். மருத்துவ ஏடுகளில் அதுவரை பதிவானவை என்று அவர்கள் தேடிப் பிடித்தவை 46. அதில் முதல் கிளாஸுக்குப் போனவர்கள் எத்தனை? 42 பேர்! முதல் கிளாஸிலேயே!

வருடக்கணக்காக ஓடியவர், எடை தூக்கியவர் என்றாலும் விலக்கு கிடையாது. உடம்பின் மிகப் பெரிய தசைகளில் ஒன்று தொடைத் தசை. பழக்கமில்லாத வேலையை முக்கால் மணி நேரம் விடாமல் கொடுத்தால் அது தாங்காது. சாதாரண வலி சில நாளில் குறையும். கால் வீங்கி, நடக்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால்? ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரி!

முதல் முறை போகிறீர்களா? “நான் புதுசு” என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சீட்டை இடுப்பெலும்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். திருகை லேசாகவே வையுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். பாதியில் இறங்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்!

தண்ணீர் எதற்கு இவ்வளவு முக்கியம்? ரோட்டில் போகும்போது எதிர்க்காற்று உங்களுக்கு விசிறிவிடும். அறைக்குள் அந்தக் காற்று இல்லை! ஒரு கிளாஸில் ஒரு லிட்டர் வரை வேர்வை போவது சர்வ சாதாரணம்!

இனி வீட்டுக்குள் வந்த கூட்டத்தின் கதை. ‘பெலோட்டன்’ என்ற கம்பெனி சைக்கிளோடு ஒரு திரையைப் பொருத்தியது. கிளாஸ் நியூயார்க்கில், மிதிப்பவர் அவரவர் படுக்கையறையில்! 2013-இல் பொதுமக்களிடம் இணையம் வழியாக அவர்கள் திரட்டிய தொகை 3,07,332 டாலர். 2021 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு? சுமார் 5,000 கோடி டாலர்!

‘பெலோட்டன்’ என்றால் என்ன? பிரெஞ்சுச் சொல். நூல் உருண்டைபோல ஒரு சின்ன உருண்டை என்று வேர். பந்தயத்தில் ஒட்டி ஒட்டி, உருண்டு திரண்டு போகும் பெருங்கூட்டத்துக்கு அந்தப் பெயர். ராணுவத்தில் ‘பிளட்டூன்’ என்கிறோமே, அதுவும் இதே சொல்தான்!

2020 ஏப்ரல். ஊரடங்கு. உலகமே வீட்டுக்குள். ஒரே ஒரு நேரடி கிளாஸில் ஒரே சமயத்தில் மிதித்தவர்கள் எத்தனை பேர்? 23,000-க்கும் மேல்! ஒரு கிரிக்கெட் மைதானக் கூட்டம், ஒரே பயிற்சியாளர்!

ஒரு டி.வி. தொடரால் பங்குச் சந்தை ஆடுமா? ஆடியது! 2021 டிசம்பரில் ‘அண்ட் ஜஸ்ட் லைக் தட்’ தொடரின் முதல் பகுதி வந்தது. அதில் மிஸ்டர் பிக் என்ற கதாபாத்திரம் தன் ஆயிரமாவது பெலோட்டன் சவாரியை முடித்து இறங்குகிறது. மாரடைப்பு. மரணம். அந்தத் தொடரில் தங்கள் சைக்கிள் வரும் என்று கம்பெனிக்குத் தெரியும். தங்கள் பயிற்சியாளர் ஒருவரே நடிக்கிறார் என்றும் தெரியும். ஆள் சாவார் என்று மட்டும் தெரியாது! பங்கு விலை 11 சதவீதம் சரிந்தது. இதய மருத்துவரை வைத்து அறிக்கை விட்டார்கள். இறந்தது யார்? ஒரு கற்பனை மனிதர்!

நகராத சைக்கிளில் உலகச் சாம்பியன் பட்டம் உண்டு! 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சங்கமே நடத்தியது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து மிதிக்க, திரையில் பந்தயம். ஆண்களில் வென்றவர் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன். அவருடைய தொழில் என்ன? படகு வலிப்பது! அதோடு விட்டாரா? டோக்கியோ ஒலிம்பிக்ஸில் படகு வலித்து வெள்ளியும் வாங்கினார்!

2016 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமனுக்குப் பந்தயத்தில் விழுந்து கை முறிந்தது. ரோட்டில் ஓட்ட முடியாது. வீட்டுக்குள் வைத்த சைக்கிளிலேயே மிதிமிதியென்று மிதித்தார். ஆறே வாரம். உலகின் மிகக் கரடுமுரடான பந்தயங்களில் ஒன்றான பாரிஸ்–ரூபேயில் இறங்கினார். வயது 37. முதல் பரிசு!

ஒரு ரொட்டித் துண்டை டோஸ்ட் செய்ய எவ்வளவு மிதிக்க வேண்டும்? ஒலிம்பிக் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டெமன் 700 வாட் டோஸ்டரை சைக்கிளோடு இணைத்து மிதித்துக் காட்டினார். ரொட்டி சிவந்தது. அவர் தரையில் சுருண்டு விழுந்தார்!

அப்படியானால் சாதாரண மனிதர்கள்? நன்றாக மிதிப்பவர் 100 வாட் கொடுப்பார் என்று வையுங்கள். 20 பேர், 45 நிமிடம். துளியும் வீணாக்காமல் பிடித்தால் ஒன்றரை யூனிட் மின்சாரம். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் ஒரு மணி நேரம் ஓடும். அறையைக் குளிர்விக்கத்தான் சரியாக இருக்கும்!

2012-இல் ஜேமி மெக்டொனால்ட் என்ற பிரிட்டிஷ் இளைஞர் நகராத சைக்கிளில் கின்னஸ் சாதனை படைத்தார். 268 மணி நேரத்துக்கு மேல்! பதினோரு நாள்!

பிரான்சில் இதே கிளாஸ் தண்ணீருக்குள் நடக்கிறது! நீச்சல் குளத்தில் சைக்கிளை இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து மிதிக்கிறார்கள். வேர்ப்பதே தெரியாது!

விண்வெளியிலும் சைக்கிள் இருக்கிறது! சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பதன் பெயர் ‘செவிஸ்’. அதில் சீட்டே கிடையாது! எடையே இல்லாத இடத்தில் எங்கே உட்காருவது? ஷூவைப் பெடலில் மாட்டிக்கொண்டு மிதந்தபடியே மிதிக்கிறார்கள்!

அங்கே ஒருவர் ஏறி, நம் கிளாஸ் போலவே 45 நிமிடம் மிதித்து முடிக்கிறார் என்று வையுங்கள். நிலையத்தின் வேகம் மணிக்கு 28,000 கிலோமீட்டர். அவர் பெடலில் இருந்து காலை எடுக்கும்போது கடந்திருக்கும் தூரம் 21,000 கிலோமீட்டர். பூமியில் பாதிச் சுற்று!